ஆற்றங்கரையில் நின்ற அக்கா



இந்த மாத வேதபாடத்துக்கு யாத்திராகமம் 2-ம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து வசனங்கள் போதும். மோசேயின் பிறப்பு நமக்கு ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே தெரிந்த சம்பவம். நாணற்பெட்டி, நதி, பார்வோனின் குமாரத்தி. நானும் இதை வைத்து எத்தனையோ தடவை பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். ஆனால் அந்தக் கரையில் தூரத்தில் நின்ற சின்னப் பெண்ணை நான் சரியாகக் கவனித்தது 2023-ம் வருஷம்தான். அதுவும் என் வீட்டு அடுப்படியில் ஒரு அடி பட்ட பிறகு.

எங்கள் வீட்டு நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் சிறிய சபை நடத்துகிறேன். பிழைப்புக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. பிள்ளைகள் மூன்று பேர். 2020 மார்ச்சில் கொரோனாவினால் பள்ளிகளை மூடினார்கள் அல்லவா? ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நம் மாநிலத்தில் மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. அதற்குள் என் மனைவி வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துப் பழகிவிட்டாள். அவள் டீச்சர் ட்ரெயினிங் முடித்தவள். "எழுத்துக்கூட்டத் தெரியாத பையன் இப்போ பேப்பர் வாசிக்கிறான். கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டுங்க" என்றாள். கொஞ்ச நாள் வருஷமாகிவிட்டது. சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பாஸ்டர் பிள்ளைகளே பள்ளிக்கூடம் போகலன்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்த பிள்ளை தமிழிலேயே பத்தாவது எழுதலாம், ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருஷத்துக்குள் பாடம் பாடமாக முடிக்கலாம் என்று தெரிந்த பிறகு நான் தைரியம் கொண்டேன்.

2023 ஜூனில் மனைவிக்கு இருமல் விடவில்லை. நான் ஜெபம் பண்ணினேன், கஷாயம் வைத்துக் கொடுத்தேன், சும்மா இருந்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நான் அறியாத விஷயமல்ல. நாலாவது வாரம்தான் கூட்டிக்கொண்டு போனேன். காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் தினமும் மாத்திரை. முதல் இரண்டு மாதம் நாலு மருந்து சேர்ந்தது, அடுத்த நாலு மாதம் மூன்று. பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்து, நோய் இல்லை என்று பார்த்து, தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள்.

ஆரம்ப வாரங்களில் தொற்றும் என்பதால் திண்ணையின் ஒரு கோடியில் அவளுடைய கட்டில், மறுகோடியில் பிள்ளைகள். முகக்கவசம் போட்டுக்கொண்டு அங்கிருந்தே பாடம் சொன்னாள். பத்து நாள் நடந்தது. பிறகு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாந்தியும் சோர்வும் வந்து படுத்துவிட்டாள்.

அப்போதுதான் பெரியவள் எழும்பினாள். பதின்மூன்று வயது. சமையல், தம்பிக்குக் கணக்கு, தங்கச்சிக்குத் தலைவாரல், அம்மாவுக்கு வெந்நீர், என் சட்டைக்கு அயர்ன். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு ஞாயிறு ஆராதனையில் சாட்சியாகவே சொன்னேன். "என் மகள் வீட்டையே நடத்துகிறாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. அவள் பாய் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அந்த வாரமே சாதம் வடிக்கும்போது கஞ்சி அவள் புறங்கையில் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டில் பேஸ்ட் தடவச் சொன்னார்கள். தடவாதீர்கள். இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் பிடிப்பதுதான் சரி, அதைத்தான் செய்தோம். மருந்து போட்டுக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, பேச்சுக்காக, "எங்கம்மா உன் நோட்டு, என்ன படிச்சே?" என்று வாங்கிப் பார்த்தேன். ஜூலை 3-ம் தேதிக்குப் பிறகு ஒரு வரி இல்லை. அன்றைக்கு ஆகஸ்ட் 9.

"நான் எப்பப்பா படிக்கிறது?" என்றாள். அழவில்லை. நிஜமாகவே நேரம் தெரியாமல் கேட்கிறவள் மாதிரி கேட்டாள்.

பிரியமானவர்களே, அந்த ராத்திரிதான் நான் யாத்திராகமத்தை எடுத்தேன். குழந்தையின் அக்காள் என்ன செய்தாள் என்று கவனியுங்கள். பெட்டியைச் செய்தது அவளா? பிசினும் கீலும் பூசியது அவளா? இல்லை, தாய். நாணலுக்குள் வைத்தது யார்? தாய். அக்காளுக்குக் கிடைத்த வேலை தூரத்தில் நின்று பார்ப்பது. அவ்வளவுதான். ஆனால் ராஜகுமாரத்தி பெட்டியைத் திறந்தபோது என்ன பேச வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாக எழுதப்படவில்லை. தானே முன்னே போய், பாலூட்ட ஒரு ஸ்திரீயை அழைத்து வரட்டுமா என்று கேட்டது அவளுடைய சொந்தப் புத்தி. அதற்கு அப்புறம்? பிள்ளையைத் தன் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாளா? ஓடிப்போய்த் தாயைக் கூட்டிவந்தாள். வளர்க்கிற பாரம் வளர்க்க வேண்டியவள் கையிலேயே போய்ச் சேர்ந்தது.

நான் என் மகளைக் கரையில் நிறுத்தவில்லை. ஆற்றில் இறக்கிவிட்டு, நன்றாக நீந்துகிறாள் என்று கரையிலிருந்து சாட்சி சொன்னேன். பிள்ளை தானாகச் செய்யட்டும் என்று விடுவது வேறு, பெரியவன் போட்டுவிட்டுப் போன சுமையை அது எடுத்துக்கொள்வது வேறு. வெளியே பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். உள்ளே இருக்கிற பிள்ளைக்குத் தெரியும்.

மறுநாள் மனைவியிடம் பேசினேன். அவள் எழுந்து உட்கார்ந்து ஒரு தாளில் வீட்டு வேலை எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். எழுதினால் நாற்பதுக்கு மேல் வந்தது. அதில் பிள்ளைகள் தொடவே கூடாதவை என்று அவள் முதலில் கோடு போட்டவை: சாதம் வடிப்பது, ராத்திரி அவளோடு எழுந்திருப்பது, மருந்தின் அளவைப் பார்ப்பது, பணக் கவலை. சளியில் ரத்தம் தெரிந்தால் என்ன செய்வது என்று யோசிப்பதும் அதில் சேர்ந்தது. (அதுவரை மகள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.) இவை என் தலைக்கு வந்தன. சனி, செவ்வாய், வியாழன் என்று மூன்று வீட்டுக்கூட்டம் வைத்திருந்தேன், அதை ஒன்றாக்கினேன். மதியச் சாப்பாட்டைச் சபைச் சகோதரிகள் முறை போட்டுக்கொண்டார்கள். கேட்க எனக்குத்தான் வெட்கம். அவர்கள் "ஏன் பாஸ்டர் இத்தனை நாள் சொல்லல?" என்றுதான் திட்டினார்கள்.

மிச்சமிருந்ததைப் பிள்ளைகளே பங்கு வைத்தார்கள். பையன் தன் துணியைத் தானே துவைத்தான், சோப்பு போகாமல் மொரமொரவென்று காய்ந்தது, விட்டுவிட்டோம். பால் கணக்கு அவனுடையது. அம்மாவின் எடையை வாரம் ஒரு தடவை எழுதிக் கோடு வரைந்ததும் அவன்தான். வரைபடம் என்ற பாடத்தை அவனுக்கு வேறு யாரும் நடத்தவில்லை. பாடத்துக்கு ஒரு ஏற்பாடு: ராத்திரி படுக்குமுன் ஆளுக்கு ஒரு சீட்டில் நாளைக்கு முடிக்கும் மூன்று வேலையை அவர்களே எழுத வேண்டும். முடியாவிட்டால் ஏன் என்று மறுநாள் எழுத வேண்டும். அடி கிடையாது.

இந்த யோசனையின் வேர் புதிதல்ல. ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா வெஸ்லி இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் தன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பள்ளி நடத்தினார். தினம் ஆறு மணி நேரம். 1732-ல் மகன் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் அந்த முறையை விவரித்திருக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை பேசத் தெரிந்த கடைக்குட்டியையும், இரண்டாவது பிள்ளை அதற்கு அடுத்ததையும் தனியே கூட்டிப்போய் சங்கீதம் வாசிக்க வேண்டுமாம். மூத்தவளிடம் மொத்தக் கூட்டத்தையும் ஒப்படைக்கவில்லை பாருங்கள், ஒருவருக்கு ஒருவர். அதோடு கணவர் லண்டனில் இருந்த காலத்தில் வாரத்தின் ஒவ்வொரு சாயங்காலத்தையும் பிள்ளைகளோடு தனித்தனியாகப் பேச ஒதுக்கினார். வியாழக்கிழமை ஜானுடையது. பெரிய ஆளான பிறகும் ஜான் அந்த வியாழக்கிழமையை மறக்கவில்லை. நானும் செவ்வாய் சாயங்காலத்தைப் பெரியவளுக்கு வைத்தேன். முதல் இரண்டு வாரம் கடைத்தெருவரை நடந்தோம், பேச்சே வரவில்லை. மூன்றாவது வாரம், "அம்மா செத்துருவாங்களாப்பா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் சோறு ஆக்கியிருக்கிறாள்.

கடைக்குட்டிக்கு ஆறு வயது. அவளுக்கு நாங்கள் கொடுத்தது, நான் மாத்திரை எடுத்துக் கொடுத்ததும் தண்ணீர் கொண்டுவந்து, சுவரில் ஒட்டிய தாளில் அன்றைய கட்டத்தில் பெருக்கல் குறி போடுவது. மூன்றாம் மாதம் மனைவி தேறிவிட்டாள், எடை கூடியது. அந்தச் சமயத்தில்தான் நிறைய பேர் மாத்திரையை நிறுத்துகிறார்கள், கிருமி மருந்துக்கு மசியாததாகத் திரும்பி வருகிறது. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு விசுவாசி அம்மா, "கர்த்தர் சுகம் கொடுத்துட்டாரே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று கேட்டார். நான் நயமாகப் பதில் யோசிப்பதற்குள் சின்னவள், "இன்னும் கட்டம் இருக்குல்ல பாட்டி" என்றாள். டிசம்பரில் கடைசிக் கட்டம் முடிந்தது. பரிசோதனையில் கிருமி இல்லை.

பெரியவள் விட்டுப்போன மாதங்களை ஒரேயடியாகப் பிடிக்கவில்லை, நாங்களும் துரத்தவில்லை. 2025 ஏப்ரல், மே தேர்வில் மூன்று பாடம் எழுதினாள். மீதி இரண்டை அடுத்த தடவைக்கு வைத்தாள், அதில் கணக்கு ஒன்று. சாதம் வடிக்கிற வேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவளே வடிக்கிறேன் என்று கேட்கிறாள். புறங்கைத் தழும்பைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.