தெரியாத ஆங்கிலச் சொல்லை ஊகிக்கப் பழக்குவது எப்படி?

கேள்வி: மகள் இங்கே ஹம்பேர்க்கில் கிம்னாசியத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் தமிழ், டொச் நன்றாகக் கதைப்பாள். ஆங்கிலம் வாசிக்கும்போதுதான் வரிக்கு வரி நின்று ஃபோனில் சொல் தேடுகிறாள். சூழலை வைத்து ஊகிக்கப் பழக்கும்படி ஆசிரியை சொல்கிறார். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. நான் எப்படி உதவலாம்?
– ஒரு தாய், ஹம்பேர்க்

பதில்: ஆசிரியை சொன்னது சரி. ஆனால் அதற்கு முதல் புத்தகம் பிள்ளைக்குப் பொருந்த வேண்டும். கதையொன்றைத் துணையின்றி விளங்கிக்கொள்ள, 100 சொற்களில் ஏறத்தாழ 98 தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, போல் நேஷன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வரிக்கு இரண்டு சொல் தெரியாவிட்டால் ஊகிக்கப் பிடிமானமே இராது. ஆகவே பழகுவதற்கு இலகுவான கதைகளாக எடுங்கள். பிரதான ரயில் நிலையத்துக்குக் கிட்ட, ஹ்யூனர்போஸ்டனில் உள்ள மத்திய நூலகத்தில் தேடலாம். சின்னப் பக்கமொன்றில் தெரியாத சொற்கள் நாலைந்துக்கு மேல் போனால் வேறு புத்தகம் பாருங்கள்.

கதையில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: வெளியே மழை கொட்டுகிறது. கடைக்குப் போகப் பையன் 'ரிலக்டன்ட்'. ஆனால் அம்மா இரண்டாம் தரமும் சொன்னதால் எழும்பிப் போகிறான். மழை, 'ஆனால்', அம்மா திரும்பச் சொன்னது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அவனுக்குப் போக மனமில்லை என்பது விளங்கிவிடும். 'பட்' வந்தால் கதை எதிர்ப்பக்கம் திரும்பும், 'பிகாஸ்' காரணம் சொல்லும், 'சச் அஸ்' உதாரணம் தரும். இந்தச் சின்னச் சொற்களுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். ஊகித்த பொருளை வரியில் வைத்துத் திரும்ப வாசிக்கட்டும்.

மகளுக்கு டொச் பெரிய பலம். எல்பே ஆற்றில் நீர் ஏறி இறங்குவதை ஹம்பேர்க்கில் 'டீடே' என்கிறார்கள். ஆங்கிலத்தின் 'டைட்' அதன் உறவுச் சொல்தான். ஆனால் 'கிஃப்ட்' டொச்சில் நஞ்சு, ஆங்கிலத்தில் பரிசு. பிறந்தநாளுக்குப் பாட்டி நஞ்சு கொடுப்பாரா என்று யோசித்தாலே பிழை பிடிபட்டுவிடும். சொல் பழகியதாகத் தெரிந்தாலும் வரியோடு ஒத்துப் பார்ப்பது அவசியம்.

எல்லா வரிகளும் துப்புத் தருவதில்லை. 'பையன் ரிலக்டன்ட் ஆக நின்றான்' என்று மட்டும் இருந்தால், களைப்பா கோபமா என்று தெரியாது. அப்போது அகராதி பார்ப்பதில் தவறில்லை. முதலில் ஊகம், பிறகு அகராதி என்பதே ஒழுங்கு. ஒரு தரம் கண்ட சொல் மனதில் நிற்பதும் அரிது. சரிபார்த்த சொல்லை வரியோடு கொப்பியில் எழுதி, சில நாள் கழித்துத் திரும்பப் பார்க்கட்டும்.

உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது இதற்குத் தடையே அல்ல. மகள் ஒரு பொருள் சொன்னதும், "எதை வைத்து அப்படி நினைக்கிறாய்?" என்று தமிழில் கேளுங்கள். காரணத்தைப் பக்கத்திலேயே காட்டி உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். பதில் தெரியாதவர் கேட்கும்போதுதான் பிள்ளை முழுக் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்; ஊகிக்கும் திறன் வளர்வது அந்த விளக்கத்தில்தான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், இரண்டு சொல் போதும். ஆனால் விடாமல் செய்யுங்கள்.