கீழே வண்டி ஷெட், மேலே நம்ம வீடு: குடி போகலாமா?



குழுக் கூட்டத்தில் உள்கடன் கேட்கும் காரணங்களைக் கவனித்திருப்பீர்கள். பிள்ளைங்க படிப்பு, வைத்தியச் செலவு, நகை மீட்பு என்று வரிசையாக வரும். அதோடு "வீட்டு அட்வான்ஸ்" என்ற காரணமும் அடிக்கடி வருகிறது. கடன் வாங்கி அட்வான்ஸ் கொடுத்து, சாமானை எல்லாம் ஏற்றி இறக்கி, ஆறே மாதத்தில் "இந்த வீடு ஒத்து வரல" என்று காலி செய்தால் என்ன மிச்சம்? கடன்தான் மிச்சம். ஆகவே வீடு பார்ப்பதையும் ஒரு பாடமாகப் படிப்போம். அதிலும் நம்ம ஊரில் அதிகமாகக் கிடைக்கும் ஒரு வகை வீட்டைப் பற்றி இப்போது பேசுவோம்.

நம்ம ஊரில் ஏன் இப்படிப்பட்ட வீடுகள்?

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். பஸ்சில் வருபவர்கள் போக வேன், கார், ஆட்டோ, டூவீலர் என்று வருபவர்களும் ஏராளம். அந்த வண்டிகள் நிற்க இடம் வேண்டும். பஞ்சர் ஆனால் ஒட்ட வேண்டும், ரிப்பேர் ஆனால் பார்க்க வேண்டும். 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சியும் ஆகிவிட்டது. மனை விலை ஏறிக்கொண்டே போகிறது. அதனால் ரோட்டோரம் மனை வைத்திருப்பவர்கள் கீழ்த்தளத்தை ஷெட்டாக விட்டுவிட்டு, மேலே ஒன்றிரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். வாடகை கொஞ்சம் குறைச்சல் என்பதால் நம்மைப் போன்றவர்கள் அங்கே குடி போகிறோம்.

முதல் கேள்வி: கீழே என்ன இருக்கிறது?

எல்லா ஷெட்டும் ஒன்று கிடையாது. மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. வீட்டுக்காரர் வண்டியும் குடியிருப்பவர் வண்டியும் மட்டும் நிற்கும் இடம்.
2. வாடகைக்கு வெளியார் வண்டி நிறுத்தும் இடம். டூரிஸ்ட் வேன், ஆட்டோ, பௌர்ணமி நாளில் யார் யாரோ வண்டி.
3. வேலை நடக்கும் இடம். மெக்கானிக் ஷாப், டிங்கரிங், பெயிண்டிங், வாட்டர் சர்வீஸ், வெல்டிங் பட்டறை.

முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். "ஷெட்டுக்கு மேல வீடு" என்று புரோக்கர் சொன்னால், எந்த வகை என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

நன்மைகள்

நல்லதையும் சொல்லியாக வேண்டும்.

* தரையில் ஓதம் ஏறாது. கரையான், பூரான், தேள், பாம்பு பயம் குறைவு. தரையில் பாய் போட்டுப் படுக்கும் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்.
* மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, வேளச்சேரி, முடிச்சூர் போன்ற இடங்களில் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர்கள் பாத்திரம் பண்டம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் இழந்தார்கள். மாடியில் இருந்தவர்களின் சாமான் தப்பியது.
* காற்றும் வெளிச்சமும் கீழ் வீட்டைவிட நன்றாக வரும்.
* நம்ம டூவீலரோ, தள்ளுவண்டியோ, பூக்கூடையோ வைக்க இடம் கிடைக்கும்.
* பகல் முழுக்க கீழே ஆள் நடமாட்டம் இருப்பதால், வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் தைரியம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மாடி வீடு தண்ணீரிலிருந்துதான் காக்கும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் நம்ம ஊர் வ.உ.சி. நகரில் மலைச் சரிவில் மண் சரிந்து, குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. மலையடிவாரத்தில் வீடு பார்த்தால், கீழே என்ன இருக்கிறது என்பதோடு பின்னால் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

தீமைகள்

புகை: கீழே வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட விட்டால் புகை எங்கே போகும்? மாடிப்படி வழியாகவும் ஜன்னல் வழியாகவும் மேலேதான் வரும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ல் அறிவித்தது. இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் உண்டு. அதற்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்து, வெளியே போய் நின்றால் சரியாகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். உடனே எல்லோரும் வெளியே வந்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இளைப்பு உள்ளவர்கள் இருக்கும் குடும்பம் பெயிண்டிங் பட்டறைக்கு மேல் குடி போகவே வேண்டாம்.

சத்தம்: டிங்கரிங் தட்டும் சத்தம், ஆக்சிலேட்டர் முறுக்கும் சத்தம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குபவருக்கும் இது தண்டனை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவில் பட்டறை ஓடினால் புகார் செய்ய நமக்கு உரிமை உண்டு.

பாதுகாப்பு: பௌர்ணமி இரவில் முன்பின் தெரியாதவர்கள் கீழே படுத்திருப்பார்கள். படிக்கட்டில் லைட் இல்லையென்றால், வேலை முடிந்து இருட்டில் வரும் பெண்ணுக்கும் டியூஷன் போய் வரும் பெண் குழந்தைக்கும் அது அச்சம்தான்.

தீ: இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். ஒரு சின்ன பொறி போதும். கீழே பற்றினால் புகை மாடிப்படியில் புகைபோக்கி போல ஏறும். நாம் இறங்க வேண்டிய வழியும் அதே படிதான்.

நடந்த மூன்று சம்பவங்கள்

2022 மார்ச் மாதம், பக்கத்து ஊர் வேலூரில், புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டரை இரவில் வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அது வெடித்துத் தீப்பிடித்தது. தந்தையும் பள்ளியில் படித்த மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று, செகந்திராபாத்தில் ஒரு கட்டடம். கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே லாட்ஜ். கீழே பற்றிய தீயின் புகை மேல் மாடிகளைச் சூழ்ந்துகொண்டது. 8 பேர் உயிரிழந்தார்கள். உயிர் பிழைக்க ஜன்னலிலிருந்து குதித்தவர்களும் உண்டு.

இரண்டிலும் புகை எமனாக வந்திருக்கிறது. 2022 டிசம்பர் முதல் மின் வாகன பேட்டரிகளுக்கு மத்திய அரசு கூடுதல் பாதுகாப்பு விதிகளைக் கொண்டு வந்தது. ஆனாலும் பழைய வண்டியும், கண்ட கடையில் மாற்றிய பேட்டரியும், மட்டமான சார்ஜரும் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன!

மூன்றாவது, 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பம். பூகம்பம் மையம் கொண்டது கட்ச் பகுதியில். ஆனால் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்திலும், கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்களை மட்டும் விட்டுக் கட்டிய அடுக்குமாடிகள் பல இடிந்தன. கீழே சுவர் இல்லாததால் மொத்த ஆட்டமும் தூண் தலையில் விழுந்தது. 2002-ல் வந்த கட்டட விதியில் அத்தகைய தூண்களை அதிக பலத்தோடு கட்ட வேண்டும் என்று சேர்த்தார்கள். நமக்குப் பாடம் இதுதான்: ஷெட்டைப் பெரிதாக்கக் கீழ்ச் சுவரை இடித்த வீடா? தூணில் வண்டி இடித்துக் கம்பி வெளியே தெரிகிறதா? அப்படியென்றால் வாடகை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

ஒரு கணக்கு (உதாரணத்துக்கு மட்டும்)

பட்டறைக்கு மேல் வீடு வாடகை ரூ.4,000. பக்கத்துத் தெருவில் ரூ.5,000. மாதம் ரூ.1,000 மிச்சம் என்று சந்தோஷப்படுகிறோம். புகையால் குழந்தைக்கு இளைப்பு வந்து மாதம் இரண்டு தடவை டாக்டரிடம் போனால், மருந்தோடு சேர்த்து ரூ.400 வீதம் ரூ.800. அந்த இரண்டு நாள் நம்ம கூலி ரூ.400 வீதம் ரூ.800. மொத்தம் ரூ.1,600. மிச்சம் பிடித்தது ரூ.1,000, கைவிட்டுப் போனது ரூ.1,600. மாதம் ரூ.600 நஷ்டம்!

கீழே வெறும் வண்டி நிற்கும் இடம்தான், புகை இல்லை, சத்தம் இல்லை என்றால் அந்த ரூ.1,000 நிஜமான மிச்சம். அதைச் சேமிப்பில் போடலாம்.

வீடு பார்க்கப் போகும்போது

* இரண்டு தடவை போங்கள். ஒன்று வேலை நாள் பகலில், இன்னொன்று இரவில். முடிந்தால் பௌர்ணமி அன்றும் ஒரு நடை.
* ஜன்னலைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். மூக்கும் காதும் சொல்லிவிடும்.
* மாடிப்படி வெளிப்பக்கமாக இருந்தால் நல்லது. ஷெட்டுக்கு உள்ளேயிருந்து ஏறும் படி ஆபத்து. மொட்டை மாடிக்கு வழி இருக்கிறதா? சாவி யாரிடம்?
* மெயின் சுவிட்சும் மீட்டரும் எங்கே இருக்கின்றன? வீட்டுக்குத் தனி மீட்டர் வேண்டும். பட்டறை மீட்டரிலிருந்து ஒயர் இழுத்தால் ஆபத்தும் உண்டு, கரண்ட் ரேட்டும் கூடும்.
* தற்போது குடியிருப்பவரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ விசாரியுங்கள். வீட்டுக்காரர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

எழுத்தில் வாங்குங்கள்

"வாய் வார்த்தை போதும்மா" என்பார்கள். போதாது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீர், கரண்டை நிறுத்தக் கூடாது.

ஒப்பந்தத்தில் கீழ்த்தளத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: "கீழ்த்தளம் வண்டி நிறுத்த மட்டுமே. பட்டறைக்கோ, பெட்ரோல், தின்னர், கேஸ் சிலிண்டர் சேமிக்கவோ விடப்படாது." இன்று காலியாக இருக்கும் ஷெட் நாளைக்குப் பெயிண்டிங் கடை ஆகிவிட்டால் அந்த ஒரு வரிதான் நமக்குப் பிடி.

ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு

உடனே காலி செய்ய எல்லோராலும் முடியாது. இவற்றையாவது செய்யுங்கள்.

* படிக்கட்டில் விறகு, அட்டைப்பெட்டி, பழைய துணி மூட்டை அடைக்காதீர்கள்.
* மின்சார வண்டியைப் படிக்கட்டு அடியில் சார்ஜ் போடக் கூடாது. தூங்கும் நேரத்திலும் கூடாது. கம்பெனி சார்ஜரையே பயன்படுத்துங்கள். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள்.
* படியில் புகை நிறைந்திருந்தால் அதற்குள் இறங்காதீர்கள். கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணி வைத்து, ஜன்னல் பக்கமோ, புகை இல்லாத வழியிருந்தால் மொட்டை மாடிக்கோ போங்கள். தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108. பிள்ளைகளுக்கும் இந்த எண்களைச் சொல்லிக் கொடுங்கள்.
* கீழே வேலை செய்யும் தம்பிகளிடம் சண்டை போடாமல் பேசிப் பாருங்கள். வண்டியை வெளியே தள்ளி ஸ்டார்ட் செய்தால் பாதிப் புகை குறையும்.
* வீட்டுக்காரரிடம் படிக்கட்டு லைட் கேட்பதற்குத் தனியாகப் போக வேண்டாம். எல்லாப் போர்ஷன்காரர்களும் சேர்ந்து போங்கள். குழுவில் நாம் கற்றது அதுதானே!

குழுவில் பேசுவதற்கு

1. நம் குழுவில் எத்தனை பேர் ஷெட்டுக்கு மேல் குடியிருக்கிறார்கள்? கீழே இருப்பது எந்த வகை?
2. அவர்கள் வீட்டில் புகை வந்தால் வெளியேற வேறு வழி உண்டா?
3. எத்தனை பேரிடம் எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது?

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடலாம். உறுப்பினர் வீட்டு அட்வான்ஸுக்குக் கடன் கேட்டால், பணம் கொடுக்கும் முன் குழுவிலிருந்து இரண்டு பேர் அவரோடு போய் அந்த வீட்டைப் பார்த்து வர வேண்டும். கறவை மாட்டுக்குக் கடன் என்றால் மாட்டைப் பார்க்கிறோம். பிள்ளைகளோடு படுத்துத் தூங்கப் போகும் வீட்டைப் பார்க்காமல் விடலாமா? தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.