நிலக்கரியில் ஓடும் மின்சாரக் கார்?

கேள்வி: தூத்துக்குடியில் மின்சாரக் கார் ஆலை வந்துவிட்டது. அனல்மின் நிலைய மின்சாரத்தை ஏற்றி ஓட்டினால் புகை குறையுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஊருக்குள் கட்டாயம் குறையும். மொத்தக் கணக்கு, மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. நிலக்கரி மட்டும்தான் என்றால் லாபம் சொற்பம். நம் பக்கம் அப்படியில்லை. 1944 முதல் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீர் மின்சாரம் தருகிறது, கயத்தாறில் காற்றாலைகள், கங்கைகொண்டானில் சோலார் செல்லே தயாராகிறது.

தூத்துக்குடியில் 2025 ஆகஸ்ட் 4-இல் திறந்த அந்த வின்ஃபாஸ்ட் ஆலையின் தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000 கார். வரவேற்கிறேன். ஆனால் ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டால் சூரிய மின்சாரம் கிடைக்காது. பகலில் வண்டி நிற்கும் இடங்களில் வசதி வேண்டும்: நெல்லை ஜங்ஷன், கலெக்டர் ஆபீஸ், ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. மாநகராட்சி இதை உடனே தொடங்க வேண்டும்.