சதுப்பு நிலம் சும்மா கிடக்கும் நிலமா?

"அது சும்மா கிடக்கிற சதுப்புத்தானே, மண் போட்டால் சரி." ஒருகொடவத்தையில் காணி பற்றிப் பெரியவர்கள் பேசும்போது இந்த வார்த்தையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். உயர்தர உயிரியலில் சூழற்றொகுதி பற்றிப் படித்த பின்னர், அந்தச் 'சும்மா' என்ற சொல் சரிதானா என்று ஆராய வேண்டும் போலிருந்தது.

பாவா ஆதம் மலைத் தொடரில் ஊற்றெடுக்கும் களனி கங்கை சுமார் 145 கிலோமீற்றர் ஓடி, எமது ஊருக்கு அருகாகச் சென்று மட்டக்குளியில் கடலுடன் கலக்கிறது. மறுபக்கத்தில் கொலன்னாவைச் சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே கோரையும் அல்காக்களும் உற்பத்தியாக்கிகள். பூச்சிகள், மீன்கள், கொக்குகள், நீர்நாய், மீன்பிடிப் பூனை என்று நுகரிகளின் வரிசை நீள்கிறது. சேற்றிலுள்ள பற்றீரியாக்களும் பங்கசுக்களும் இறந்தவற்றைப் பிரிகையடையச் செய்கின்றன. ஒட்சிசன் இல்லாத அந்தச் சேற்றில் சில பற்றீரியாக்கள் கழிவுநீரின் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்றிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. நகரத்தின் அழுக்கு நீரை சம்பளம் வாங்காமல் சுத்திகரிக்கும் வேலை இது.

அடுத்த வேலை நீரைத் தாங்குவது. ஒரு சிறிய கணக்குப் பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது சுமார் 25 சதுர மீற்றர். பத்துப் பேர்ச் சதுப்பில் ஒரு மீற்றர் உயரத்துக்கு மண் போட்டால், முன்பு மழைநீர் நின்றிருக்கக்கூடிய சுமார் இரண்டரை இலட்சம் லீற்றருக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. அதாவது, எங்கள் வீட்டுக் கூரைகளில் உள்ள ஆயிரம் லீற்றர் தாங்கிகள் 250! அந்த நீர் மறைந்துவிடுவதில்லை. அடுத்த வீட்டுக்குப் போகிறது.

2016 மே மாதத்தில் இதை நாடே பார்த்தது. அப்போது நான் சிறுமி. வாப்பா குளிர்சாதனப் பெட்டியை மேசைமீது ஏற்றியதும், உம்மா குர்ஆன் பிரதிகளை அலுமாரியின் உச்சியில் வைத்ததும் நினைவிருக்கிறது. கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கின. நிலத்தை நிரப்பியது மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. மழை மிகக் கடுமையாக இருந்தது. ஆனால் கங்கையின் மட்டம் உயரும்போது கால்வாய்களின் நீர் அதற்குள் இறங்க முடியாது. அது காத்திருக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் சதுப்பு.

வெள்ளமும் ஒரு மாற்றம்தான், நிலத்தை நிரப்புவதும் ஒரு மாற்றம்தான். இரண்டும் ஒன்றா? வெள்ளம் வந்து போகும். வண்டலை விட்டுச் செல்லும். கோரை மீண்டும் துளிர்க்கும். கைவிடப்பட்ட வயல்கள்கூட வழிமுறையுரிமையால் மெல்ல மெல்லச் சதுப்பாக மாறுகின்றன. காலமும் இடமும் இருந்தால் சூழற்றொகுதி மீண்டுவிடும். மண் போட்டு மூடிய இடத்தில் அந்த இரண்டுமே இல்லை.

மூடாமலும் கெடுக்கலாம். வடிகான்களால் வரும் கழிவில் நைதரசனும் பொசுபரசும் மிகுந்தால் நற்போசணையாக்கம் ஏற்படும். ஆகாயத்தாமரை நீரை மூடும். ஒளி உட்புகாது. அழுகும் தாவரங்கள் ஒட்சிசனைக் குடித்துவிட, மீன்கள் சாகும். இந்தத் தாவரத்துக்கு எதிராக இலங்கையில் 1909 இலேயே சட்டம் வந்துவிட்டது. தாவரம் இன்னும் இருக்கிறது, ஏனெனில் அதற்கு உணவூட்டுவது நாங்கள். சதுப்போரம் குப்பை குவித்ததன் விலையை மீத்தொட்டமுல்ல கொடுத்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று குப்பைமேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர்.

1968 இல் கொழும்பின் தாழ்நிலங்களை 'மீட்க' ஒரு சபை அமைக்கப்பட்டது. மீட்பு என்றால் அன்று நிரப்புவதே. 50 ஆண்டுகளின் பின், 2018 இல், உலகின் முதல் 18 ராம்சார் ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டது. ஒரே நிலத்தைப் பற்றிய எண்ணம் எவ்வளவு மாறியிருக்கிறது!

ஆனாலும் ஒரு கேள்வி எனக்கு மிஞ்சுகிறது. சதுப்பில் மண் போட்டவர்களில் பலர் பேராசைக்காரர்கள் அல்லர். வாடகை கொடுக்க முடியாமல், பிள்ளைகளுக்கு ஒரு கூரை தேடியவர்கள். அவர்களைத் திட்டுவது இலகு. அவர்களுக்கு மேட்டு நிலத்தில் வீடு கிடைக்காதவரை, சதுப்பைக் காப்போம் என்பது அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும். எனவே ஈரநிலப் பாதுகாப்பையும் ஏழைகளின் வீட்டுப் பிரச்சினையையும் ஒன்றாகவே பேச வேண்டும் என்பது என் கருத்து.

சகோதரிகளே, எமது வீட்டு வடிகானில் போடும் ஒரு பொலித்தீன் பையும் அந்தச் சதுப்பைத்தான் சென்றடைகிறது. எஞ்சியிருக்கும் சதுப்பையாவது காப்பாற்ற வேண்டும். இனி எவரேனும் "சும்மா கிடக்கிற நிலம்" என்றால், அந்த 250 தாங்கிகளின் கணக்கை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.