வெயில் கூடிய ஆண்டில் ஒற்றைத் தோட்டத்து சிரா

பிரான்சின் வடக்கு ரோன் பகுதியில், ஆற்றின் இடது கரையில் தெற்கு பார்த்து நிற்கிறது எர்மிடாஜ் குன்று. மொத்தப் பரப்பு 140 ஹெக்டேருக்கும் குறைவு. அதற்குள்ளேயே பெஸார் என்ற சரிவு கருங்கல் பூமி. லெ மேயால் உருண்டைக் கற்கள் நிறைந்த, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் சரிவு. இரண்டிலும் வளர்வது சிரா திராட்சைதான், ஆனால் ஒயினின் ருசி வேறு. பல சரிவுகளின் ஒயினைக் கலப்பவர், வெயில் கூடிய ஆண்டில் ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுகட்டிவிடலாம். ஒற்றைத் தோட்டத்து ஒயினுக்கு அந்த வசதி இல்லை. கோடையின் ருசி தோட்டத்தின் ருசியை அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதே முழு வேலையும். தோட்டக்காரருக்கும் வாங்கிக் குடிப்பவருக்கும் சில குறிப்புகள்.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

• மேற்குப் பக்க இலைகளை விட்டு வையுங்கள். காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்தில் காற்றோட்டத்துக்காகக் கொஞ்சம் கிள்ளலாம். பிற்பகல் வெயில் நேரே விழும் பழம், சுற்றியுள்ள காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடேறும். 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தோலில் ஆந்தோசயனின் நிறமி உருவாவது தடைபடும். வெயில் ஏற ஏற நிறம் கூடும் என்பது தவறான நம்பிக்கை.

• மிளகு வாசனையைக் காப்பாற்றுங்கள். சிராவின் அடையாளமே அதுதான். அதற்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்பதை 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் வீட்டு மிளகில் இருப்பதும் அதேதான். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும், ஐந்தில் ஒருவருக்கு மட்டும் தெரியாது. குளிர்ந்த ஆண்டிலும் நிழலில் இருக்கும் குலையிலும் இது அதிகம். வெயில் கூடினால் குறைந்துவிடும். இலையைக் கிள்ளாமல் விடச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

• விடிவதற்கு முன் அறுவடையைத் தொடங்குங்கள். பழம் குளிர்ச்சியாகவே தொட்டிக்குப் போய்ச் சேர வேண்டும்.

• தினமும் வரிசைக்குள் நடந்து, பழத்தைப் பறித்துக் கடித்துப் பாருங்கள். விதை பழுப்பேறி, பல்லில் நொறுங்க வேண்டும். பச்சை விதை நாக்கை இழுத்துப் பிடிக்கும். விரலால் பழத்தை அழுத்துங்கள். குழி மெல்ல நிமிர்ந்தால் நல்லது. குழி அப்படியே நின்றால் பழம் சுண்டத் தொடங்கிவிட்டது.

தோட்டத்தில் செய்யக்கூடாதவை

• சர்க்கரை அளவை மட்டும் நம்பி நாளைத் தள்ளிப் போடாதீர்கள். கடைசிக் கட்டத்தில் தண்ணீர் இழந்து சுண்டுவது சிராவின் இயல்பு. கருவியில் எண் ஏறும். ஆனால் கொடி புதிதாகச் சர்க்கரை அனுப்பியிருக்காது, நீர்தான் வற்றியிருக்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை, நொதித்தபின் 1 சதவீத ஆல்கஹால் ஆகும் என்பதை மறக்காதீர்கள். வெப்பமான இரவுகளில் பழத்துக்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலமும் வேகமாகக் கரைந்துபோகும். 2003-இல் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலையில் வடக்கு ரோனில் ஆகஸ்டிலேயே அறுவடை தொடங்கியது; அந்த நாட்களில் அங்கே செப்டம்பர்தான் வழக்கம்.

• பயந்துபோய்க் குலைகளை அளவுக்கு மீறிக் கழிக்காதீர்கள். மீதிக் குலைகளில் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும்.

நொதிக்கும் இடத்தில்

செய்ய வேண்டியது: தொட்டியின் சூட்டை அடக்கி வையுங்கள். சர்க்கரை மிகுந்த சாற்றில் ஈஸ்ட் பாதி வழியில் நின்றுவிடும் ஆபத்து உண்டு. காம்பு பழுப்பாக முற்றியிருந்தால் ஒரு பகுதியை முழுக் குலையாகப் போடலாம், வாசனைக்கு நல்லது. ஆனால் காம்பிலிருந்து பொட்டாசியம் இறங்கிப் புளிப்பைத் தணிக்கும், அதனால் இப்படிப்பட்ட ஆண்டில் பாதிக்கு மேல் போகவே கூடாது என்பேன். புளிப்பு உண்மையிலேயே போதாவிட்டால் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது பாவம் இல்லை. திராட்சையின் சொந்த அமிலம்தான் அது, நம் புளியிலும் இருக்கிறது. 2003-இல் ஐரோப்பிய ஒன்றியமே இதற்குச் சிறப்பு அனுமதி தந்தது.

செய்யக்கூடாதது: மேலே மிதக்கும் தோல் திப்பியைப் போட்டு அழுத்தாதீர்கள். சிறுத்த பழத்தில் சாறு குறைவு, தோல் அதிகம்; துவர்ப்பு தானாகவே இறங்கிவிடும். புது ஓக் பீப்பாய்களை அடுக்குவதும் வேண்டாம். ஏற்கெனவே கனத்த ஒயினின் மேல் மர வாசனையையும் ஏற்றினால், அது பெஸாரா லெ மேயாலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒற்றைத் தோட்டம் என்று லேபிளில் போடுவதற்கு அப்புறம் அர்த்தமே இல்லை.

வாங்கிக் குடிப்பவருக்கு

• 16 டிகிரி அளவில் பரிமாறுங்கள். சென்னை அறைச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும்.

• சிராவுக்குக் காற்று பிடிக்கும். வாய் அகன்ற குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள்.

• லேபிளில் 14.5 சதவீத ஆல்கஹால் என்று பார்த்த உடனே ஒதுக்காதீர்கள். புளிப்பும் துவர்ப்பும் தாங்கினால் அந்த எண் உறுத்தாது.

• காரம் தூக்கலான குழம்போடு சேர்க்காதீர்கள். ஆல்கஹால் கூடிய ஒயின் காரத்தின் எரிச்சலை இன்னும் ஏற்றிவிடும்.

• "அமோகமான கோடை" என்ற விளம்பரத்துக்காக அதிக விலை கொடுக்காதீர்கள். அறுவடை எந்த வாரம் தொடங்கியது என்று விற்பவரிடம் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் அதை மறைப்பதில்லை.