அணை நீர் ஆவியாதலும் அதைத் தடுத்தலும்

கோடையில் அணை, ஏரிகளின் ஜலம் மதகு திறவாமலே குறைந்துவருவதைக் குடியானவர்கள் யாவரும் அறிவர். கசிவு நீங்கலாக, இதற்குக் காரணம் திரவமாகிய ஜலம் உஷ்ணத்தைக் கிரகித்து ஆவியாக மாறுவதேயாம்.

கொதித்தால்தான் ஜலம் ஆவியாகுமென்பது தவறு. ஒரு கிராம் ஜலத்தை 30 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்ற ஏறக்குறைய 70 கலோரி போதும். 30 டிகிரியிலேயே அதனை ஆவியாக்கச் சுமார் 580 கலோரி வேண்டும். இதனைப் பெரும்பாலும் வெயில் அளிக்கிறது. எழுந்த ஆவியைக் காற்று அகற்றிவிடுவதால் மேலும் ஆவி எழ இடமுண்டாகிறது. மண்பானையில் கசியும் ஜலமோ தனக்கு வேண்டிய உஷ்ணத்தைப் பானையினின்றே எடுத்துக்கொள்வதால், உள்ளிருக்கும் ஜலம் குளிர்கிறது.

1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையில், முந்திய ஆண்டு மழை பொய்த்தமையால், 2017 ஏப்ரலில் தெர்மோகோல் பலகைகளை ஒட்டி ஜலத்தின்மேல் மிதக்கவிட்டனர். வெயிலை மறைக்கும் நோக்கம் பிழையன்று. ஆனால் பாரமற்ற பலகைகளைக் காற்று விரைவிலேயே கரையில் ஒதுக்கிவிட்டது. பலரும் நகைத்தனர், காரணத்தை ஆராய்ந்தவர் சிலரே. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நீர்த்தேக்கத்தில், முக்கியமாக ஜலத்தின் சுத்தத்தைக் காக்கவேண்டி, 2015-ல் 9.6 கோடி கரிய பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டனர். அவை காற்றில் பறவாதிருக்க உள்ளே ஜலம் அடைக்கப்பட்டிருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கின் தென்னந்தோப்புகளிலும் பாத்தியின் ஈரம் இவ்வாறே போகிறது. சருகை மட்டும் தூவினால் அணையில் நேர்ந்ததே நேரும். சருகைக் கனமாகப் பரப்பி, அதன்மேல் தென்னை மட்டைகளைப் பாரமாக அடுக்குதல் வேண்டும்.