வேகம் வேறு, திசைவேகம் வேறு

முதலாண்டு வகுப்பில் ஒரு நாள் எங்கள் பேராசிரியர் இப்படியொரு கேள்வி கேட்டார்: "ஒரு பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் என்னும் மாறாத வேகத்தில் ஒரு வளைவைக் கடக்கிறது. அதற்கு முடுக்கம் உண்டா, இல்லையா?"

நான் எழுந்து, "வேகம் மாறவில்லை ஐயா. ஆகவே முடுக்கம் இல்லை" என்றேன்.

"அப்படியானால் வளைவில் நின்றுகொண்டிருப்பவர்கள் ஏன் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு, "நாளைக்குள் யோசித்து வா" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வேகம், திசைவேகம் ஆகியவற்றின் இலக்கணத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அது மட்டுமன்று, கொல்லிமலைப் பாதையில் பேருந்து ஓட்டுபவரின் மகன். அன்று நான் அறிந்துகொண்டதை, என்னைப் போலத் தடுமாறும் நண்பர்களுக்குப் பயன்படுமென்று எழுதுகிறேன்.

ஒரு பொருள் ஒரு வினாடியில் எவ்வளவு தொலைவு செல்கிறது என்பது வேகம். அதற்கு அளவு மட்டுமே உண்டு, திசை தேவையில்லை. ஒரு வினாடியில் எந்தத் திசையில் எவ்வளவு இடம்பெயர்கிறது என்பது திசைவேகம். அதற்கு அளவும் வேண்டும், திசையும் வேண்டும். முன்னதை ஸ்கேலர் அளவு என்றும் பின்னதை வெக்டர் அளவு என்றும் கூறுவர்.

நம் விளையாட்டு விழாவையே எடுத்துக்கொள்வோம். 400 மீட்டர் ஓடுதளத்தின் முதல் தடத்தில் ஒரு மாணவன் ஒரு சுற்றை 80 வினாடிகளில் ஓடி முடிக்கிறான். அவனுடைய சராசரி வேகம் வினாடிக்கு 5 மீட்டர். சராசரி திசைவேகம் எவ்வளவு? புறப்பட்ட கோட்டுக்கே வந்து நிற்கிறான், இடப்பெயர்ச்சி சுழி. ஆகவே சராசரி திசைவேகமும் சுழிதான்! வியர்த்து விறுவிறுத்து ஓடியவனுக்குச் சுழியா என்று வருந்த வேண்டாம். பரிசு வேகத்துக்கு, திசைவேகத்துக்கு அன்று.

இனி முடுக்கத்துக்கு வருவோம். முடுக்கம் என்பது வேகம் மாறும் வீதம் என்று நான் எண்ணியிருந்தேன். அதுதான் பிழை. அது திசைவேகம் மாறும் வீதம். அளவு மாறினாலும் திசைவேகம் மாறும். அளவு மாறாமல் திசை மட்டும் திரும்பினாலும் மாறும்.

அன்றிரவு பணி முடிந்து வந்த அப்பாவிடம் பேராசிரியரின் கேள்வியைச் சொன்னேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "மீட்டர் முள்ளு ஒரே இடத்துல நிக்கும் கண்ணு. ஆனா வண்டி நேராப் போகத்தான் பார்க்கும். நாமதான் அதைத் திருப்பணும். திருப்பறதுக்கு ரோடு டயரைப் பிடிச்சுக் குடுக்கணும். மழை பேஞ்சா ரோடு பிடிக்காது. அதான் வளைவுக்கு முன்னாலயே மெதுவாக்கிடணும். வளைவுக்குள்ள போய் பிரேக் அடிக்கப்படாது."

நான் திகைத்துப்போனேன். நியூட்டனின் முதல் விதி, உராய்வு விசை, மையநோக்கு முடுக்கம் மூன்றையும் அவர் நாள்தோறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பெயர்கள்தாம் அவருக்குத் தெரியாது. எனக்குப் பெயர்கள் மட்டுமே தெரிந்திருந்தன.

உடனே காகிதமெடுத்துக் கணக்குப் போட்டேன். வளைவின் ஆரம் 20 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் மையநோக்கு முடுக்கம் கிடைக்கும். 100-ஐ 20-ஆல் வகுக்க, 5 மீட்டர்/வினாடி². இது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழப் பாதி! வேகத்தைப் பாதியாக, மணிக்கு 18 கிலோமீட்டராகக் குறைத்தால் முடுக்கம் 1.25 மட்டுமே. பாதி வேகத்துக்குக் கால் பங்கு விசை போதும். மாறாக மணிக்கு 54 கிலோமீட்டரில் திரும்பினால் 11.25, புவியீர்ப்பு முடுக்கத்தையும் மிஞ்சிவிடுகிறது. அவ்வளவு விசையைச் சமதளச் சாலையின் உராய்வு பொதுவாகத் தராது. வண்டி தன் போக்கில், வளைவுக்கு வெளியே போய்விடும்.

திசையைத் திருப்புவதற்கு ஒரு விலை உண்டு என்பதை இராக்கெட்டுகளிலும் காணலாம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், ஸ்ரீஹரிகோட்டாவில் நிற்கும் இராக்கெட்டுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் திசைவேகம் முன்னமே கிழக்கு நோக்கி இருக்கிறது. கிழக்கே ஏவினால் அது இலவச உதவி. துருவங்களின் மேலாகச் செல்லும் செயற்கைக்கோளைத் தெற்கு நோக்கி ஏவினால் அந்த உதவி கிட்டாது. மேலும், நேர் தெற்கே இலங்கை இருப்பதால், இராக்கெட் முதலில் தென்கிழக்கே கடலின் மேல் பறந்து, பிறகு தெற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகிறது. சுமக்கக்கூடிய எடை குறைகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதற்கு இது முதன்மையான காரணம். அங்கிருந்து நேர் தெற்கே திறந்த கடல். சிறிய இராக்கெட் வளைய வேண்டியதில்லை.

மறுநாள் வகுப்பில் எழுந்து, "முடுக்கம் உண்டு ஐயா. வேகம் மாறவில்லை, திசைவேகம் மாறுகிறது. முடுக்கம் வளைவின் மையத்தை நோக்கி இருக்கிறது" என்றேன். "எந்தப் புத்தகத்தில் பார்த்தாய்?" என்று கேட்டார். "எங்கள் அப்பா சொன்னார் ஐயா" என்றேன். வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "அவரிடம் இன்னும் கேள்" என்றார்.

நண்பர்களே, விடுமுறை நாட்களில் நம்மில் பலர் மோட்டார் சைக்கிளில் மலையேறுகிறோம். வளைவு வரும்போது இலக்கணத்தை நினைக்காவிட்டாலும், அந்தக் கணக்கை நினையுங்கள்: இரட்டிப்பு வேகத்துக்கு நான்கு மடங்கு விசை. வேகத்தைக் காட்டுவதற்கு முள் இருக்கிறது. திசைவேகத்தைக் காட்ட எந்த முள்ளும் இல்லை. அதை நாம்தான் அறிந்திருக்க வேண்டும்.